துண்டு போடுவதற்கும் கட்டணம்

‘சூரரைப் போற்று’ 2020இல் வெளிவந்தபோது மதுரைப் பக்கத்தவர்கள் அதைச் சற்றுக் கூடுதலான உரிமையுடன் பார்த்தார்கள். கர்நாடகத்தின் கொரூரைச் சேர்ந்த கேப்டன் கோபிநாத்தின் தன்வரலாற்றைத் தழுவிய கதையை இயக்குநர் சுதா கொங்கரா நம்முடைய சோழவந்தானுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார் அல்லவா? தந்தை சாகக் கிடக்கும்போது ஊர் வந்து சேர விமானச் சீட்டுக்குப் பணம் போதாமல், முகமறியாத பயணிகளிடம் நாயகன் கையேந்தும் காட்சியைப் பலரும் இன்றுவரை பேசுகிறார்கள். வறுமையைக் காட்டும் காட்சி என்று அதைச் சொல்வார்கள். எனக்கு அது மானத்தைப் பற்றிய காட்சியாகவே பட்டது. பணமின்மையைக் காட்டிலும், பணமின்மையை நாலு பேர் நடுவில் எடுத்துக்காட்ட நேர்வதுதான் அங்கே வதைக்கிறது.

கோபிநாத் 2003இல் தொடங்கிய ஏர் டெக்கான் கட்டணத்தைக் குறைப்பதற்காகப் பலவற்றை விட்டது. சாப்பாடு கிடையாது, தண்ணீர் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்க வேண்டும். தொடக்கத்தில் இருக்கை எண்கூடக் கிடையாது. கதவு திறந்ததும் ஓடிப்போய் அமர்ந்துகொள்ள வேண்டியதுதான். மாட்டுத்தாவணியில் பேருந்து நிற்பதற்கு முன்பே சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துப் பழகிய நமக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை. அந்நிறுவனம் 2007-08இல் கிங்ஃபிஷர் வசமானது. 2012இல் கிங்ஃபிஷரும் பறப்பதை நிறுத்திக்கொண்டது. ஆனால் கோபிநாத் திறந்துவிட்ட வழி மூடப்படவில்லை. வைகை எக்ஸ்பிரஸே வசதியின் எல்லை என்றிருந்த குடும்பங்கள் விமானத்தில் ஏறின. 2012இல் மதுரையிலிருந்து கொழும்புக்கு முதல் பன்னாட்டு விமானம் புறப்பட்டது. இந்த மாற்றத்தைக் குறைத்து மதிப்பிடுபவன் அல்லன் நான். முன்பெல்லாம் வானூர்தியில் வெள்ளிக் கரண்டியில் உண்டோம் என்று பெருமூச்சு விடுபவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. அந்தக் கரண்டி எத்தனை பேர் கைக்கு எட்டியது?

என் முறையீடு வேறு. அன்று மலிவுக்காக விட்டவை இன்று விற்பனைக்கு வந்திருக்கின்றன. துண்டு போடும் உரிமையையே கூறு கட்டி விற்கிறார்கள்.

2013இல் நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகம், பயணச்சீட்டிலிருந்து சில சேவைகளைப் பிரித்துத் தனிக் கட்டணம் வாங்க நிறுவனங்களுக்கு இசைவளித்தது. விரும்பிய இருக்கை, உணவு, ஓய்வறை, கூடுதல் சுமை, இசைக்கருவி, விளையாட்டுக் கருவி என்று அது நீளும். பயணி விரும்பிக் கேட்டால் மட்டுமே இவை என்பது நிபந்தனை. அதே ஆண்டில்தான் உள்நாட்டுப் பயணிகள் பொதுவாக இலவசமாகக் கொண்டுபோன இருபது கிலோ பதினைந்தாகச் சுருங்கியது. 2021இல் இன்னொரு படி: ஒப்படைக்கும் பெட்டியே இல்லாமல் வருபவருக்குக் கட்டணம் குறைக்கலாம் என்றார்கள். குறைப்பு என்ற சொல்லில் இனிப்பு இருக்கிறது. ஒருவருக்குக் குறைப்பது மற்றவருக்குக் கூட்டுவதுதான் என்பது சற்றுத் தாமதமாகவே விளங்கும்.

நிறுவனங்களின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். உண்ணாதவன் உண்பவனுக்காக ஏன் பணம் கட்ட வேண்டும்? எடை கூடினால் எரிபொருள் கூடும் என்பதும் பொய்யன்று. மயிலிறகானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவரே எச்சரித்திருக்கிறார். விமான நிறுவனங்கள் அந்தக் குறளை எழுதி மாட்டிக்கொள்ளலாம். நம் ஊர் மெஸ்ஸில் சோற்றுக்கு ஒரு விலை, சுக்காவுக்குத் தனி விலை. யாரும் குறைசொல்வதில்லை. ஆனால் எந்த மெஸ்காரரும் இலைக்குத் தனி, உட்காரும் பெஞ்சுக்குத் தனி, கூட வந்த பிள்ளையை அருகில் அமர்த்திக்கொள்ள இன்னும் கொஞ்சம் என்று கேட்டதில்லை.

இந்தக் கடைசி எடுத்துக்காட்டு மிகையன்று. ஒரே சீட்டில் பதிவு செய்த குடும்பத்தை வெவ்வேறு வரிசைகளில் சிதறடித்துவிட்டு, சேர்ந்து உட்கார வேண்டுமானால் பணம் கட்டுங்கள் என்பது வழக்கமாகியே விட்டது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் அருகிலாவது இடம் தரவேண்டும் என்று 2024 ஏப்ரலில் இயக்குநரகம் அறிவுறுத்த நேர்ந்தது. தாயின் பக்கத்தில் குழந்தை அமரலாம் என்பதற்கு அரசாணை வேண்டியிருந்த காலம் என்று பிற்கால வரலாற்றாசிரியர் ஒருவர் நம்மைக் குறித்து எழுதக்கூடும்.

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. கூடுதல் வசதிக்குக் கூடுதல் விலை என்பது வணிகம். இருந்த வசதியைப் பறித்து, பறித்ததால் உண்டான துன்பத்திலிருந்து விடுதலையை விற்பது வேறொன்று. முழங்காலைப் பாருங்கள். ஓர் இருக்கைக்கும் அதன் முன்னிருக்கைக்கும் உள்ள தொலைவு ஒரு காலத்தில் முப்பத்து நான்கு, முப்பத்தைந்து அங்குலம் இருந்தது. மலிவு விமானங்களில் அது இருபத்தெட்டு, முப்பது என்று இறங்கிவிட்டது. பிறகு அவர்களே முதல் வரிசையையும் அவசர வழியருகே உள்ள வரிசையையும் காட்டி, கால் நீட்ட இடம், இவ்வளவு ரூபாய் என்கிறார்கள். நெருக்கடி மிகுந்தால்தான் இந்தச் சரக்கு விலைபோகும். ஆகவே பயணி வசதியாக இருப்பது நிறுவனத்துக்கு நட்டம் என்னும் விசித்திரமான கணக்கு உருவாகிறது.

இணையத்தில் சீட்டுத் தேடுபவர் கண்ணில் முதலில் படுவது ஆகக் குறைந்த விலைதான். நூறு ரூபாய் கூடினால் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுவார். எனவே முகப்பு விலையைக் குறைத்துக் காட்டி, மிச்சத்தை வழியில் வாங்கிக்கொள்கிறார்கள். யோக்கியமாக முழு விலையையும் முதலிலேயே சொல்பவன் பட்டியலில் கீழே போகிறான். அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களுள் ஒன்றான அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2008இல் முதல் பெட்டிக்கே பதினைந்து டாலர் கேட்டது, மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். இரண்டு பெட்டிகள் இலவசம் என்பதையே பெருமையாக விளம்பரப்படுத்திவந்த சௌத்வெஸ்ட் நிறுவனமும், உலகத்து மலிவு விமானங்களுக்கெல்லாம் முன்னோடியான சௌத்வெஸ்ட்தான், 2025 மே 28 முதல் அந்த வழக்கத்தைக் கைவிட்டது.

இதையெல்லாம் நாளிதழில் படிப்பது ஒன்று, நேரில் பார்ப்பது ஒன்று. பெருங்குடி விமானநிலையத்தில் ஒருநாள் எனக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி நின்றிருந்தார்கள். வடக்கே எங்கோ இருக்கும் மகளின் பேறுகாலத்துக்குப் போகிறார்கள் என்பது பெட்டி திறந்ததும் தெரிந்தது: பேறுகால மருந்துப் பொட்டலங்கள், இரண்டு டின் நல்லெண்ணெய், வடகம், துவைத்து மடித்த பழைய வேட்டித் துணிகள். எடை நான்கு கிலோ கூடுதல். முகப்பிலிருந்த பெண் முதலில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “பாட்டி, எதையாச்சும் எடுத்துருங்க. இல்லேன்னா ரொம்ப ஆயிரும்” என்றாள். “பஸ்ல லக்கேஜுக்குக்கூட இம்புட்டுக் கேக்க மாட்டாங்களேத்தா” என்றார் பெரியவர். பாட்டி தரையில் அமர்ந்து, வரிசை முழுதும் பார்த்திருக்க, எண்ணெய் டின்களை வெளியே எடுத்து வைத்தார். துணிகளைத் தொடவில்லை. பிறக்கப்போகும் பிள்ளைக்கானவை அவை. எவரும் அவர்களை ஏசவில்லை, அந்தப் பெண் இரக்கமுள்ளவள், விதிமீறலும் இல்லை. எல்லாம் முறைப்படியே நடந்தது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான்கு கிலோவுக்கான இடத்தை முன்கூட்டியே வலைத்தளத்தில் வாங்கியிருந்தால் குறைவாகவே ஆகியிருக்கும். அது எனக்குத் தெரியும். என் மாணவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. முதன்முறை பறப்பவர், ஆங்கிலம் அறியாதவர், சீட்டைப் பிறர் கையால் எடுத்தவர் ஆகியோரிடம் அதிகமும், வாரந்தோறும் பறக்கும் அதிகாரியிடம் குறைவாகவும் விழும் தண்டல் இது. நம் இலக்கியத்தில் சுங்கத்துக்குப் பஞ்சமில்லை. பட்டினப்பாலையில் புலி முத்திரை இட்டுச் சுங்கம் கொள்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படையின் பெருவழியில் மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் சுங்கச்சாவடி கடக்கின்றன. அந்தச் சுங்கம் வணிகனின் சரக்கின்மேல் விழுந்தது. பேத்திக்குத் துணி கொண்டுபோகும் பாட்டியின்மேல் அன்று.

இதே மண்ணில்தான் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் நிற்கிறது. சித்திரையில் அழகர்கோயிலிலிருந்து புறப்படும் அழகர் வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் இளைப்பாறித்தான் எங்கள் தல்லாகுளத்துக்கு வருகிறார். அவரோடு நடக்கும் எளிய சனங்களுக்கு நீர்மோரும் பானகமும் யாரோ கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். (அழகரின் பின்னால் உண்டியல் வண்டிகளும் வரும் என்று நண்பர்கள் நினைவூட்டலாம். உண்மை. ஆனால் காசு போடாதவரை அவை வழிமறிப்பதில்லை.) வழிநடப்பவரின் களைப்பை ஆற்றுவது அறம் என்று கருதிய ஊரில், களைப்பையே வருவாய்க்கு வழியாக்கும் முறை எவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது என்பது வியப்பளிக்கிறது. விமான நிறுவனம் தர்மசத்திரம் நடத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

கேட்பது சிறிது. பெட்டி, இருக்கை, வரி உள்ளிட்ட முழுத் தொகை சீட்டு எடுக்கும் முதல் திரையிலேயே தெரிய வேண்டும், தமிழிலும். கூடுதல் கிலோவின் விலையை முகப்பில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். சேர்ந்து பதிவு செய்தவர்களைப் பிரிக்காதிருப்பதற்கு எந்த வயதினரிடமும் காசு வாங்கக் கூடாது. இவை நடக்காத காரியங்கள் என்று சொல்வோர், விமானநிலையத்தில் பத்து ரூபாய்க்குத் தேநீர் கிடைக்காது என்றும் சொன்னவர்கள்தாம். நாடாளுமன்றம் வரை பேச்சு எழுந்தபின், 2025 பிப்ரவரியில் சென்னை விமானநிலையத்தில் ‘உடான் யாத்ரி’ சிற்றுண்டியகம் திறக்கப்பட்டு, பத்து ரூபாய்க்குத் தேநீர் கொடுத்தார்கள். எவரும் திவாலாகவில்லை. அடுத்ததாக, ஒவ்வொரு விமானநிலையத்தின் வாசலிலும், உறவினர்கள் வழியனுப்ப நிற்கும் இடத்திலேயே, பொதுமக்களுக்கென்று ஓர் எடை எந்திரம் வைக்கட்டும். கூடுதலான எண்ணெய் டின்னை அங்கேயே மகன் கையில் கொடுத்தனுப்பிவிடலாம். வரிசைக்கு முன்னால் தரையில் உட்கார வேண்டியதில்லை.