மக்களின் செவியை அளந்தவர் யார்?

"இது மக்களுக்கு விளங்காது" என்னும் தீர்ப்பைப் போல் மலிவான தீர்ப்பு கலை விமரிசன உலகில் வேறொன்றில்லை. தீர்ப்பளிப்போர் மக்களைச் சாட்சிக்கு அழைப்பதில்லை. மக்களுக்காகத் தாமே கேட்டு, தாமே அலுத்து, தாமே வழக்கை முடித்தும் விடுகின்றனர். கலையைப் பண்டமாக்கி விற்கும் வணிகன் இதனைக் கூறுவதில் வியப்பில்லை. கலை மக்களுக்கே என முழங்கும் நம்மவரும் இதனையே கூறுவதுதான் வியப்பு. இவ்விரு சாராரும் எங்ஙனம் ஒரே குரலிற் பேச நேர்ந்தது? இவ்வினாவுக்கு விடை காண, இங்கிலாந்தில் தோன்றிய ஹென்றி கவ் என்னும் ரொக் இசைக் குழுவின் வரலாறு நமக்குப் பெரிதும் துணை செய்யும்.

1968ஆம் ஆண்டு கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக மாணவரான பிரெட் பிரித், ரிம் ஹொட்கின்சன் ஆகிய இருவரும் இக்குழுவைத் தொடங்கினர். பின்னர் முழவுக் கருவிகளை இயக்கிய கிறிஸ் கட்லர், பசூன், ஓபோ ஆகிய துளைக்கருவிகளில் வல்ல லின்ட்சி கூப்பர், ஹம்பேர்க்கிற் பிறந்த பாடகி டக்மார் கிறவுஸ முதலியோர் வந்து சேர்ந்தனர். ரொக் இசையின் மின் கிற்றாரோடு ஐரோப்பிய நவீன செவ்வியல் இசையின் கட்டமைப்பும், ஜாஸ் இசையிலிருந்து கிளைத்த கட்டற்ற மனோதர்மமும் இவர்களிடம் ஒன்று கலந்தன. இவர்களது தாளம் எதிர்பாராத இடத்தில் மாறும். பல்லவி மீண்டும் வரும் எனக் காத்திருப்பவர் ஏமாறுவர். கிறவுஸவின் குரல் ஒரு கணம் முணுமுணுக்கும், மறுகணம் வெட்டும். இத்தகைய இசையை மேனாட்டார் 'கலை ரொக்' என வழங்குவர்.

இக்குழு 1975இல் வெளியிட்ட மூன்றாவது இசைத்தட்டின் பெயர் 'கல்வியின் புகழ்' எனப் பொருள்படும். அப்பெயர் பேர்டோல்ட் பிறெக்ற் இயற்றிய ஒரு பாடலினின்று பெறப்பட்டது. அப்பாடல், நம்மவர் பலர் மாணவப் பருவத்திற் படித்து நெஞ்சுருகிய மாக்சிம் கோர்க்கியின் 'தாய்' நாவலைத் தழுவிப் பிறெக்ற் எழுதி, 1932இல் மேடையேறிய நாடகத்தில் இடம்பெறுவது. எழுத்தறியாத் தாயொருத்தி கற்கத் தொடங்கும் கதை அது. முதல் இரு தட்டுகளின் அட்டையிலும் காணப்பட்ட காலுறை, இத்தட்டிற் சிவப்பு நிறம் பெற்றது. கலை வெறுங் கண்ணாடியாய் இராது சம்மட்டியாதல் வேண்டும் என்னும் கருத்துடைய கூற்றொன்றும் அதனுடன் அச்சாகியது. தம் அரசியலை இவர்கள் ஒளித்து வைக்கவில்லை.

இக்குழுவை விமரிசகர் எங்ஙனம் வரவேற்றனர்? சிலர் போற்றினர் என்பது உண்மை. எனினும் தூற்றியோரை மூவகையினராகப் பிரிக்கலாம்.

முதல் வகையினர் வணிக இசைப் பத்திரிகைகளைச் சார்ந்தோர். "குளிர்ந்த இசை, கணக்குப் போட்ட இசை, காலை ஆட்ட இயலாத இசை" என்பது இவர்களது குற்றச்சாட்டு. இசைத்தட்டு விற்பனையையும் விளம்பரத்தையும் நம்பி வாழும் ஏடுகளில் எழுதுவோர் விற்பனையாகாததைக் குளிர்ந்தது என்பது இயல்பே. அவர்களுடன் நாம் அதிகம் வழக்காட வேண்டியதில்லை.

இரண்டாம் வகையினர் இடதுசாரிகள். "பல்கலைக்கழகப் பிள்ளைகளின் விளையாட்டு இது, தொழிலாளி இதனைக் கேட்பானா?" என்று இவர்கள் வினவினர். 1976, 1977ஆம் ஆண்டுகளிற் பங்க் இசை எழுந்தபோது இவர்களது குரல் மேலும் ஓங்கியது. மூன்று சுருதிக் கூட்டுகள் கற்ற எவனும் மேடையேறலாம் என்ற பங்க் இசையே உண்மையான மக்கள் இசை எனப்பட்டது. வேலையற்ற இளைஞரின் ஆத்திரம் அவ்விசையில் ஒலித்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஓர் உண்மையை நினைவுகூர வேண்டும். 1973இல் ஹென்றி கவ் குழுவின் முதற் தட்டை வெளியிட்டது ரிச்சட் பிரான்சனின் வேர்ஜின் நிறுவனம். 1977இல் செக்ஸ் பிஸ்ரல்ஸ் என்னும் பங்க் குழுவின் தட்டை வெளியிட்டதும் அதே நிறுவனமே. ஆத்திரமும் நல்ல விலைக்குப் போகும் எனக் கண்ட முதலாளி அதனைக் கடைக்குக் கொண்டுவந்தார். 1992இல் அவ்விசை நிறுவனம் பெருந்தொகைக்கு ஈ.எம்.ஐ. கூட்டுத்தாபனத்துக்கு விற்கப்பட்டது. எளிமை என்பது மட்டுமே ஒரு கலையைச் சந்தையினின்று காத்துவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

மூன்றாம் வகையினர் இன்றைய இரசிகசிகாமணிகள். இவர்கள் தூற்றுவதில்லை, போற்றியே கொல்கின்றனர். பழைய தட்டுகளை அரும்பொருளெனச் சேர்த்து, இந்த இடத்தில் இத்தனை மாத்திரை, அந்த இடத்தில் இத்தனை எனக் கணக்கிட்டு மகிழ்கின்றனர். சிவப்புக் காலுறை இவர்களுக்கு ஓர் அழகிய அட்டைப்படம் மாத்திரமே. தூய கலைவாதம் பழைய ஆடையைக் களைந்து புதிய ஆடை புனைந்து வந்துள்ளது என்பதன்றி இதிற் புதுமை ஏதுமில்லை.

இம்மூவகையினரும் கேளாத கேள்வி ஒன்றுண்டு. இவ்விசை எவ்வாறு உற்பத்தி செய்யப்பட்டது, யார் கையால் விநியோகிக்கப்பட்டது என்பதே அது. கலையின் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் பற்றி ஓயாது பேசும் நம்மவர் இதனைக் கேளாது விட்டமை பெருங்குறையாகும். ஹென்றி கவ் குழு தலைவன், பின்னணிக் கலைஞர் என்ற படிநிலையை ஏற்கவில்லை. எதனை இசைப்பது, எங்கே செல்வது, பணத்தை எவ்வாறு செலவிடுவது என்பவை கூட்டங்களில் விவாதித்துத் தீர்மானிக்கப்பட்டன. ஒலியமைத்தோரும் கருவிகளை ஏற்றி இறக்கியோரும் அக்கூட்டங்களிற் பங்குகொண்டனர். ஜோர்ஜினா போர்ன் 1976இல் இணைந்தபோது, ஆறு கலைஞருள் மூவர் பெண்களாயினர். பெண்ணைப் பாடகியாக மட்டுமே கண்டு பழகிய ரொக் உலகில் பசூனும் வயலின்செல்லோவும் பெண்கள் கையில் ஒலித்தமை சிறிய செய்தியன்று.

பெருநிறுவனத்தோடு கொண்ட உறவு முறிந்தபின் இவர்கள் முடங்கிவிடவில்லை. 1978 மார்ச் 12ஆந் தேதி லண்டன் நியூ லண்டன் அரங்கில் 'எதிர்ப்பில் ரொக்' என்னும் பெயரில் ஒரு விழா எடுத்தனர். இத்தாலியின் ஸ்ரோமி சிக்ஸ், சுவீடனின் சம்லா மம்மாஸ் மன்னா, பெல்ஜியத்தின் யுனிவேர் சீரோ, பிரான்சின் எற்றோன் பூ லெலூப்லான் ஆகிய குழுக்கள் அதிற் பங்குபற்றின. ஆங்கிலமே ரொக் இசையின் தாய்மொழி என்ற ஆதிக்கத்தை அம்மேடை கேள்விக்குள்ளாக்கியது. இசைத்தட்டு நிறுவனங்கள் மக்கள் கேட்கக்கூடாதென எண்ணும் இசை இதுவே என்பது அவர்களது அறைகூவல். அதே ஆண்டிற் கட்லர் இத்தகைய இசையைத் திரட்டி விநியோகிக்க 'றெக்கமென்டட் றெக்கோட்ஸ்' என்னும் சுதந்திர அமைப்பை நிறுவினார். குழுவின் இறுதித் தட்டு 1979இல் அவர்களது சொந்த முத்திரையிலேயே வெளிவந்தது.

தொழிலாளி இதனைக் கேட்பானா என்ற வினாவுக்கு இனி வருவோம். இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சி தன் நாளேட்டின் பெயரால் ஊர்தோறும் நடத்திய விழாக்களில், உணவுக் கடைகளுக்கும் குழந்தைகளின் ஆரவாரத்துக்கும் நடுவே, இக்குழு இசைத்தது. 1975இல் ரோமாபுரியின் பியாற்சா நவோனாச் சதுக்கத்தில், பாடகர் ரொபேட் வையற்றுடன் சேர்ந்து திறந்த வெளியில் இசைத்தது. கேட்டோர் யாவரும் உருகி நின்றனர் என நாம் கூற வரவில்லை. கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு அளிக்கப்பட்டது என்றே கூறுகின்றோம். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் உரிமை. அவ்வுரிமையை முன்கூட்டியே பறிப்பவரை மக்களின் நண்பர் எனல் பொருந்துமா?

இதற்கு இன்னும் பழைய சான்றும் உண்டு. பிறெக்ற்றின் 'தாய்' நாடகத்துக்கு இசையமைத்த ஹான்ஸ் ஐஸ்லர், கடினமான நவீன இசைக்குப் பெயர்போன ஆர்னோல்ட் ஷேன்பேர்க்கின் மாணவர். அந்த ஐஸ்லர் இசையமைத்த பிறெக்ற்றின் மற்றொரு படைப்பை 1930இற் பெர்லினிற் பாடியோர் தொழிலாளர் பாடகர் குழுவினர். பகலில் உழைத்த மனிதர் மாலையில் ஒத்திகை பார்த்துப் பாடினர். அவர்களது செவி சிறியதென எவரும் அவர்களுக்கு அறிவிக்கவில்லை போலும்! மாறாக, 1936 ஜனவரியிற் சோவியத் ஏடான 'பிராவ்தா' ஷொஸ்தகோவிச்சின் இசை நாடகத்தை இசையெனும் பெயரிலான குழப்பம் எனச் சாடியபோது, மக்களின் பெயரால் ஒரு மகத்தான கலைஞன் அச்சத்துள் தள்ளப்பட்டான். இத்தவற்றினின்று நாம் பாடம் கற்றல் வேண்டும்.

ஹென்றி கவ் குழுவினரிடம் குறையில்லையா? உண்டு. உருவத்தைச் சிதைத்தாற் சமுதாயமும் சிதையும் என்ற மயக்கம் அவர்களிடத்துச் சில வேளை தலைதூக்கியது. சிக்கலான தாளம் எந்தச் சுரண்டலையும் தானே நிறுத்திவிடாது. பாடல்களின் சொற்கள் பல இடங்களில் இறுகிக் கிடந்தன. பாடலா, கருவியிசையா என்ற பிணக்கு 1978இல் முற்றிப் பாடல்கள் 'ஆர்ட் பெயர்ஸ்' என்ற வேறொரு குழுவின் பெயரில் வெளிவந்தன. அவ்வாண்டே ஹென்றி கவ் கலைந்தது. ஓயாத பயணமும் ஓயாத விவாதமும் மனிதரை வாட்டின. ஆயினும் இக்குறைகள் முயன்றோரின் குறைகள். முயலாதாரின் நிறைவைவிட அவை மேலானவை.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. உழைப்பவனைக் கழுதையென்று எண்ணிய சமுதாயம் தந்த மொழி அது. மேட்டுக்குடி இரசிகன் இதனை வெளிப்படையாகச் சொல்கின்றான். "மக்களுக்கு எளிமையே போதும்" என்னும் நமது தோழர், தாம் அறியாமலே, அதனையே பணிவான மொழியிற் சொல்கின்றார். கற்பூரத்தைப் பூட்டி வைத்தவன் யார் என இருவரும் கேட்பதில்லை.

இவ்விதழைப் படிப்போருட் பலர் நம்மைப் போல் ஆசிரியர்கள். "இந்தப் பிள்ளைகளுக்கு இது ஏறாது" என்ற சொல்லை ஆசிரியர் அறையிற் கேளாதார் நம்முள் எவருமிலர். அதனை நாமே ஒரு நாளேனும் சொல்லாதிருந்தோமா என நெஞ்சைத் தொட்டுக் கேட்போமாக. எழுத்தறியாத் தாய்க்குக் கற்பிக்க முன்வந்தோர் அவளது அறிவை அளந்து பார்த்துவிட்டு வரவில்லை. எளியதையும் கொடுப்போம், அரியதையும் கொடுப்போம். எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதை மக்களே தீர்மானிக்கட்டும். அவர்களது செவியை அளக்கும் கோலை முதலில் நம் கையினின்று கீழே வைப்போம்.