மடிக்கணினியைக் கொடுத்தோம், எழுத்தைக் கொடுத்தோமா?

“இன்றைய கல்லூரி மாணவனுக்குத் தமிழில் நான்கு வரி பிழையின்றி எழுத வராது” என்னும் புலம்பல், இலக்கியக் கூட்டங்களில் தேநீரைப் போலவே தவறாமல் பரிமாறப்படுகிறது. கைப்பேசி கெடுத்தது, ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கும் பழக்கம் கெடுத்தது என்று குற்றப்பட்டியல் நீளும். அப்பட்டியலை நாங்கள் ஏற்கவில்லை. குற்றவாளிகளைத் தேடுவோர் முதலில் தம் வரிசையிலேயே தேடுவது நல்லது.

2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. ‘இலவசம்’ என்று எள்ளிய நகரத்து அறிவாளிகளோடு எமக்கு உடன்பாடில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகும் தொழிலாளியின் வீட்டுக்குள் ஒரு கணினி நுழைவது சிறிய செய்தியன்று. 2025-26 நிதிநிலை அறிக்கையும் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தது. நன்று. ஆனால் அந்தக் கருவியை எங்கே வைத்து, எந்த மொழியில் இயக்குவது என்று எவரேனும் யோசித்தோமா?

சிப்காட்டைச் சுற்றியுள்ள ஒற்றை அறை வாடகை வீடுகளை நினைத்துப் பாருங்கள். இரவு ஷிப்டு முடித்த தகப்பனார் பகலில் உறங்குவார். விளக்கைப் போட முடியாது. அரிசி டிரம்மின் மூடியே மேசை. மகளாக இருந்துவிட்டால், கணினியைத் திறந்த ஐந்தாம் நிமிடம் தண்ணீர் பிடிக்க அழைப்பு வரும். 2020இல் பெருந்தொற்று வகுப்பறையை வீட்டுக்குள் தள்ளியபோது, வீட்டு அலுவலகத்தை அழகாக அமைப்பது எப்படி என்று இதழ்கள் எழுதித் தள்ளின. மாடிப்படியில் அமர்ந்து பாடம் கேட்ட பிள்ளைகளுக்கு அக்கட்டுரைகளில் இடமில்லை.

இம்மாணவர்கள் மொழியற்றவர்களா? ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரம்; தெலுங்கு இங்கே அண்டைவீட்டு மொழி. ஆலைகளில் இந்தியும் ஒடியாவும் ஒலிக்கின்றன. இலங்கைத் தமிழர் முகாமில் இன்னொரு தமிழ் வாழ்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரிக்கு மின்தொடர் வண்டியில் கல்லூரி செல்லும் பிள்ளையின் காதில் விழும் மொழிகள், எம் போன்ற இலக்கியவாதிகள் பலரின் காதில் விழுவதில்லை. நாள் முழுதும் அவர்கள் ஆங்கில எழுத்தில் தட்டுவதும் தமிழைத்தான். எழுத வேண்டும் என்னும் வேட்கை இருக்கிறது. வழியைத்தான் யாரும் காட்டவில்லை.

வழி இல்லாமலும் இல்லை. தமிழ்99 விசைப்பலகையை அரசு ஏற்று கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கே தட்டல்; புள்ளி தானாக விழும். தமிழ் இலக்கணத்தின் மீதே கட்டப்பட்ட அமைப்பு இது. அப்பகுதி மாணவர்கள் சிலரிடம் கேட்டோம். பெயரைக்கூடக் கேள்விப்படவில்லை என்றார்கள். தமிழ்க் கட்டுரை ஒப்படைக்க வேண்டுமென்றால் டிடிபி கடைக்குப் போய்ப் பக்கக் கணக்கில் பணம் கொடுத்து அடித்து வாங்குகிறார்கள். மடியில் கணினி, கையில் கூலி!

பொறியியல் மாணவர்க்கு அண்ணா பல்கலைக்கழகம் ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்றொரு தாளை 2022-23 கல்வியாண்டில் கொண்டுவந்தது. வரவேற்கிறோம். ஆனால் 15 மணி நேரப் பாடத்தில் அறிவியல் தமிழுக்கும் கணித்தமிழுக்கும் சேர்த்து 3 மணி நேரம். மின்னூலகம், இணைய அகராதி, சொற்குவை என்று பெயர்களை மனனம் செய்து தாளில் எழுதினால் மதிப்பெண். நீச்சலைப் பற்றிக் கட்டுரை எழுதியவன் ஆற்றைக் கடந்துவிடுவானா?

“குரலில் சொன்னால் கைப்பேசியே எழுதுகிறது, செயற்கை நுண்ணறிவு கட்டுரையே தருகிறது; தட்டச்சு எதற்கு?” என்பார் உளர். தகப்பனார் உறங்கும் ஒற்றை அறையில் யாரிடம் உரக்கச் சொல்வது? இயந்திரம் எழுதித் தரும் தமிழில் எது பிழை, எது பொய் என்று கண்டுபிடிக்கவும் எழுதிப் பழகிய கையல்லவா வேண்டும்?

எம் கோரிக்கை பெரிதன்று. கல்லூரித் தமிழ்த்தாளில் ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் தம் கையால் தமிழ்99இல் அடித்த ஒரு கட்டுரைக்கேனும் மதிப்பெண் தரவேண்டும். ஊர் நூலகங்கள் இரவு 9 மணி வரை திறந்திருக்க, அங்கே ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மின்செருகி இருக்கவேண்டும். சிற்றிதழ் நடத்துவோர்க்கும் ஒரு வேலை உண்டு: கூட்டத்தை ஒரு மாதம் சென்னை அரங்கில் நடத்தாமல் கும்மிடிப்பூண்டிக்குச் சென்று, பத்துப் பிள்ளைகளுக்கு இந்த விசைப்பலகையைக் கற்றுக்கொடுங்கள்.

அதைச் செய்த பின்னும் அவர்கள் எழுதவில்லையென்றால், அப்போது புலம்புவோம்.