பருத்தியின் கணக்கு எங்கே முடிகிறது?

நான் வாழும் நார்வேயில் 2022 ஜூன் மாதம் ஒரு சிறிய செய்தி வந்தது. இயற்கை வேளாண்மையில் விளைந்த பருத்திச் சட்டைகள் சூழலுக்கு உகந்தவை என்று நோரோனா என்ற உடை நிறுவனம் செய்த விளம்பரம் சட்டத்துக்கு மாறானது என்று நுகர்வோர் ஆணையம் அறிவித்தது. அதே வழியில் போக வேண்டாம் என்று எச் அண்ட் எம் நிறுவனத்துக்கும் எச்சரிக்கை போயிற்று. விளம்பரத்துக்கு அடிப்படை 'ஹிக்' என்ற குறியீடு. சராசரிகளைக் கொண்டு போட்ட கணக்கு, கடையில் தொங்கும் இந்தச் சட்டைக்கு எப்படிச் சான்றாகும் என்பதே ஆணையத்தின் கேள்வி.

பருத்திக்கு இது பின்னடைவு என்று சிலர் நினைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதே குறியீட்டில் பட்டையும் கம்பளியையும் விட பாலியெஸ்டர் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தது. காரணம், அந்தக் கணக்கு துணி தயாரானதும் நின்றுவிடுகிறது. உடுத்துவது, துவைப்பது, எறிவது எதுவும் அதில் இல்லை.

நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் தொடர்ந்து பார்ப்போம். பாலியெஸ்டரின் எடையில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் கரிமம். அநேகமாக அத்தனையும் நிலத்தடி எண்ணெயிலிருந்து வந்தது. ஒரு கிலோவை எரித்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு புதிதாகக் காற்றில் சேரும். எரிக்காமல் விட்டால் மக்காது. துவைக்கும்போதெல்லாம் நுண்ணிழைகளாக உதிர்ந்து கடலுக்குப் போகும். ஒரு கிலோ பருத்தியும் எரிந்தால் ஒன்றரைக் கிலோ அளவு வாயுவைத் தரும். ஆனால் அது செடி சென்ற பருவத்தில் காற்றிலிருந்து வாங்கிய கடன். திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். (குப்பைமேட்டின் அடியில் காற்றுப் படாமல் மக்கினால் மீத்தேன் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

2000இல் உலகில் உற்பத்தியான இழை சுமார் 5.8 கோடி டன். 2023இல் 12.4 கோடி டன். பருத்தி அதிகம் கூடவில்லை. கூடியதில் பெரும்பங்கு பாலியெஸ்டர். ஆகவே 'பருத்தியா பாலியெஸ்டரா' என்று கேட்பதற்கு முன் 'இத்தனை துணி எதற்கு' என்று கேட்கலாம். கேட்பாரில்லை.

அதற்காகப் பருத்தியை நிரபராதி என்று விடுவிக்க முடியாது. மத்திய ஆசியாவில் ஆரல் கடல் வற்றியது பெரும்பாலும் பருத்திப் பாசனத்தால்தான். பருவநிலைக் கணக்கில் பெரிய குற்றவாளி யூரியா. அதைத் தயாரிக்கவே இயற்கை எரிவாயு வேண்டும். வயலில் இட்ட பிறகு அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் கிளம்புகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் சுமார் 273 மடங்கு வெப்பத்தைச் சிறைப்பிடிக்கும் வாயு அது.

இங்கேதான் 'மீளுருவாக்க வேளாண்மை' என்ற புதுப்பெயர் வருகிறது. உழவைக் குறைத்தல், மண்ணை வெறுமையாக விடாமை, பயறு வகைகளை ஊடுபயிராக்குதல், கால்நடையை வயலுக்குள் கொண்டுவருதல். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். மானாவாரியில் கருங்கண்ணிப் பருத்தி, இடையே உளுந்தோ பாசிப்பயறோ, அறுவடை முடிந்தபின் ஆட்டுக்கிடை. கி.ரா.வின் 'கிடை' படித்தவர்களுக்கு இந்த உலகம் புதிதல்ல. ஒன்றில் மட்டும் அவர் முரண்படுவார்: கோடை உழவை விடமாட்டார்.

கருங்கண்ணி ஏன் ஒதுங்கியது என்பதையும் மறக்கக்கூடாது. அதன் இழை குட்டை. ஆலைகளோ நீண்ட இழை கேட்டன. ராட்டைக்குப் பொருந்தியது வேக எந்திரத்துக்குப் பொருந்தவில்லை. விளைச்சலும் குறைவு. பழம்பெருமை பேசி அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட முடியாது.

மண்ணில் கரிமத்தைச் சேமிப்போம் என்ற வாக்குறுதியை நான் பாதிதான் நம்புகிறேன். வெப்ப நாட்டு மண்ணில் மக்கு விரைவில் சிதைந்துவிடும்; சேர்வதற்கும் ஓர் எல்லை உண்டு; சில ஆண்டுகள் முறை தவறினால் சேர்ந்ததும் போய்விடும். யூரியாவைக் குறைத்தால் கிடைக்கும் பலன் அப்படியல்ல, வெளிவராத வாயு வெளிவராததுதான். மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பது மழையை நம்பிய உழவருக்குக் கரிமக் கணக்கைவிடப் பெரிய லாபம்.

இன்னொன்று: ஒரு பருத்திச் சட்டையின் வெப்பச் சுமையில் பெரும்பகுதி வயலில் ஏறுவதில்லை, நூற்பு, நெசவு, சாயம், அவற்றுக்கான நிலக்கரி மின்சாரம் ஆகியவற்றில் ஏறுகிறது. தமிழக நூற்பாலைகள் முப்பந்தல் பக்கம் நிறுவிய காற்றாலைகளை ஆடை விளம்பரங்களில் நான் பார்த்ததில்லை. வயலும் உழவரும் படத்துக்கு அழகாக இருக்கிறார்கள் போலும்.

அந்த உழவருக்கு என்ன கிடைக்கிறது? ரசாயன உரத்தை நிறுத்திய முதல் சில ஆண்டுகளில் விளைச்சல் குறையக்கூடும். இயற்கை வேளாண் சான்றிதழுக்கும் இரண்டு மூன்று ஆண்டு மாறுதல் காலம் உண்டு. அதுவரை அவர் பஞ்சு சாதாரணப் பஞ்சின் விலைக்குத்தான் போகும். 'மீளுருவாக்கம்' என்ற சொல்லுக்கோ இயற்கை வேளாண்மைக்கு இருப்பதுபோல் பரவலாக ஏற்கப்பட்ட சட்ட வரையறைகூட இல்லை. சட்டையில் அந்தச் சொல்லை அச்சிடும் நிறுவனம், அந்த இடைப்பட்ட ஆண்டுகளின் நட்டத்தில் எவ்வளவு ஏற்றது என்று எந்தச் சீட்டிலும் நான் இதுவரை கண்டதில்லை.