ரயில் பாதைக்கு அப்பால்

குத்துச் சண்டையைப் பற்றி எழுத இவனுக்கு என்ன யோக்கியதை என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இருபது வருஷ காலமாக உபாத்தியாயர் தொழிலில் இருக்கும் எனக்கு, வகுப்பில் மேஜையைக் குத்திய அனுபவத்தைத் தவிர அந்தக் கலையில் வேறு பரிசயம் கிடையாது. மேஜையும் இதுவரையில் என்னைத் திருப்பிக் குத்தியதில்லை.

ஆயினும் சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னை வகையாக மடக்கிவிட்டான். ஜோ லூயிஸுக்கும் மாக்ஸ் ஷ்மெலிங்குக்கும் நடந்த ஹெவிவெயிட் சாம்பியன் பட்டச் சண்டையின் பழைய படத்தை அவன் எங்கேயோ பார்த்திருக்கிறான். "ஸார், சண்டை ஆரம்பித்து இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இதற்காகவா ஜனங்கள் அப்படிக் கூத்தாடினார்கள்?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே நேயர்களுக்குச் சொல்கிறேன்.

பையன் சொன்ன கணக்குச் சரிதான். 1938-ஆம் வருஷம் ஜூன் மாதம் 22-ந் தேதி இரவு, நியூயார்க் நகரத்து யாங்கி ஸ்டேடியத்தில், சுமார் 70,000 ஜனங்களின் முன்னிலையில் நடந்த அந்தச் சண்டை இரண்டு நிமிஷம் நான்கு வினாடியில் முடிந்தது. அதற்குள் ஷ்மெலிங் மூன்று முறை கீழே விழுந்தார். பிறகு அவரால் நிற்க முடியவில்லை. நுழைவுச் சீட்டுக்குப் பணத்தைக் கொட்டியவர்கள், ஆசனத்தில் சரியாக உட்காருவதற்கு முன்பே எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

ஆனால் அந்த இரண்டு நிமிஷத்துக்குப் பின்னால் இரண்டு வருஷம் இருந்தது. ஜோ லூயிஸ், அலபாமா மாகாணத்தில் பருத்திக் காட்டில் உழைத்த ஏழைக் கறுப்புக் குடும்பத்தில் 1914-இல் பிறந்தவர். அடிமைகளாக இருந்தவர்களின் வம்சத்தில் வந்தவர். சிறு வயதில் டெட்ராயிட் நகரத்துக்குக் குடிபெயர்ந்து, அங்கே குத்துச் சண்டை பழகினார். தோல்வி என்பதையே அறியாமல் ஏறிக்கொண்டிருந்த அவரை, 1936 ஜூன் 19-ந் தேதி ஜெர்மானியரான ஷ்மெலிங் பன்னிரண்டாவது சுற்றில் வீழ்த்திவிட்டார். லூயிஸ் இடது கையால் ஒரு குத்து விட்டுக் கையை இழுக்கும்போது, அந்தக் கை சற்றுத் தாழ்ந்துவிடுகிறது என்பதை ஷ்மெலிங் முன்கூட்டியே கவனித்து வைத்திருந்தார். அந்தச் சிறு இடைவெளியில் தம்முடைய வலது கையை மீண்டும் மீண்டும் இறக்கினார். பாடத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு வந்த மாணவன் பரீக்ஷையில் ஜயிப்பது போல்தான் அது.

அன்றிரவு கறுப்பு மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியின் வீதிகளில் நடந்து சென்ற கவிஞர் லாங்ஸ்டன் ஹ்யூஸ், வளர்ந்த ஆண்பிள்ளைகள் குழந்தைகளைப் போல் அழுததையும், பெண்கள் நடைபாதை ஓரத்தில் தலையைக் கைகளில் தாங்கி உட்கார்ந்திருந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். ஜெர்மனியிலோ ஒரே கோலாகலம். ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலில் ஊர் திரும்பிய ஷ்மெலிங்கை ஹிட்லர் அழைத்து உபசரித்தார். அந்தச் சண்டையின் படம், ஷ்மெலிங்கின் வெற்றி ஜெர்மனியின் வெற்றி என்ற தலைப்புடன் ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. ஒரு மனிதனின் வலது கை, ஓர் அரசாங்கத்தின் சொத்தாகிவிட்டது.

1937-இல் லூயிஸ் ஜேம்ஸ் பிராடக்கை வென்று உலக சாம்பியன் ஆனார். ஆனால் ஷ்மெலிங்கைத் தோற்கடிக்கும் வரையில் தம்மைச் சாம்பியன் என்று அழைக்க வேண்டாம் என்றார். இரண்டாம் சண்டை வருவதற்குள் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிவிட்டார். வெள்ளைக்கார அமெரிக்கர்களில் பலருக்குத் திடீரென்று ஜோ லூயிஸ் 'நம் பையன்' ஆகிவிட்டார்! தென் மாகாணங்களில் அவருடைய இனத்தார் பெரும்பாலோருக்கு வோட்டுப் போட வழியில்லை. வெள்ளையருடன் ஒரே பெஞ்சியில் உட்கார உரிமையில்லை. ஆனாலும் ஜனநாயகத்தின் மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பை அந்த இருபத்து நான்கு வயது இளைஞரின் தோளில் தேசம் ஏற்றி வைத்தது.

நம்முடைய பையன் பார்த்த படத்தில் இவை ஒன்றும் இல்லை. சண்டை நடந்த இடத்திலிருந்து வெகு தூரத்தில், ஜார்ஜியா மாகாணத்தின் ஒரு சிற்றூரில், அதே இரவில் நடந்த காட்சி ஒன்றுதான் அவனுக்கு உண்மையான பதில் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆர்ச்சரி என்பது அந்தச் சிற்றூரின் பெயர். அங்கே நிலக்கடலை விவசாயம் செய்துவந்த ஒரு வெள்ளைக்காரப் பண்ணைக்காரரின் வீட்டில் பாட்டரியால் இயங்கும் ரேடியோ இருந்தது. அக்கம்பக்கத்துக் கறுப்புக் குடியானவர்கள் வந்து, சண்டை வர்ணனையைக் கேட்க அநுமதிக்க வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொண்டார்கள். பண்ணைக்காரர் நிறபேதத்தில் நம்பிக்கை உள்ளவர்தான். இருந்தாலும் ரேடியோவை ஜன்னலில் எடுத்து வைத்தார். வந்தவர்கள் வெளியே மரத்தடியில் கூடி நின்றார்கள். சண்டை முடிந்தது. ஷ்மெலிங் தோற்றதில் பண்ணைக்காரருக்கு மிகுந்த ஏமாற்றம். மரத்தடியில் ஒரு சப்தமும் எழவில்லை. மரியாதையாக வந்தனம் சொன்னார்கள். வரிசையாக மண் ரோட்டைக் கடந்தார்கள். ரயில் பாதையைத் தாண்டினார்கள். அப்பால் இருந்த ஒரு வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டிலிருந்து ஆரவாரம் வெடித்தது. இரவு முழுவதும் அது ஓயவில்லை.

பண்ணைக்காரரின் பதின்மூன்று வயதுப் பையன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். ஜிம்மி கார்ட்டர் என்பது அவன் பெயர். 1977-இல் அமெரிக்காவின் ஜனாதிபதியானவர் அவரே. இந்தச் சம்பவத்தைத் தம்முடைய நூலில் அவர் எழுதியிருக்கிறார். எத்தனையோ பெரிய சபைகளைப் பார்த்தவர், அந்த மரத்தடிச் சபையின் மௌனத்தை மறக்கவில்லை.

அதே இரவில் ஹார்லெம் வீதிகளில் ஜனசமுத்திரம் பொங்கி ஆடிற்று. ஆனால் அங்கே அவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், வீதியும் அவர்களுடையது. ஆர்ச்சரியில் அப்படியில்லை. பிறருடைய ஜன்னல் அடியில் நின்று கேட்ட வெற்றியை, பிறர் காதில் விழாத தூரம் சுமந்துகொண்டு போய்த்தான் கொண்டாட வேண்டியிருந்தது. அர்க்கன்ஸா மாகாணத்தில் வளர்ந்த எழுத்தாளர் மாயா ஆஞ்ஜெலோவும் லூயிஸின் ஒரு சண்டையைப் பற்றி எழுதியிருக்கிறார். பாட்டியின் கடையில் கூட்டமாக உட்கார்ந்து ரேடியோ கேட்டவர்களில் தூரத்துக்காரர்கள், அன்றிரவு ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே தங்க ஏற்பாடு செய்துகொண்டார்களாம். லூயிஸ் ஜயித்த இரவில், தனி வழியில் ஒரு கறுப்புக் குடும்பம் அகப்பட்டுக்கொள்வது நல்லதல்ல!

கொண்டாடியவர்கள் இப்படி. கொண்டாடப்பட்டவர்கள் என்ன ஆனார்கள்? அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியதும் லூயிஸ் பட்டாளத்தில் சேர்ந்தார். 1942-இல் இரண்டு பட்டச் சண்டைகளில் கிடைத்த வருமானத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார். அந்தப் பட்டாளத்திலோ கறுப்பர்களுக்குத் தனிப் பிரிவு. பின்னாளில் வரி பாக்கி என்று சர்க்கார் அவரை வெகு காலம் விரட்டிற்று. ஷ்மெலிங்கோ நாஜிக் கட்சியில் ஒருபோதும் சேரவில்லை; அவருடைய அமெரிக்க மானேஜர் ஒரு யூதர். 1938 நவம்பரில், யூதர்களின் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டபோது, இரண்டு யூதச் சிறுவர்களைப் பெர்லினில் தம்முடைய ஹோட்டல் அறையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். அதைப் பற்றி அவர் வாய் திறக்கவேயில்லை. காப்பாற்றப்பட்டவரே 1989-இல் சபையறியச் சொன்ன பிறகுதான் உலகம் அறிந்தது. யுத்தத்துக்குப் பின் லூயிஸும் ஷ்மெலிங்கும் நண்பர்களானார்கள். கஷ்ட தசையில் இருந்த லூயிஸுக்கு ஷ்மெலிங் பண உதவியும் செய்தார். லூயிஸ் 1981-இல் காலமானார். ஷ்மெலிங் 2005-இல், தொண்ணூற்றொன்பதாம் வயதில்.

ஆகவே, மேடையில் நின்ற இருவருக்கும் பகை இல்லை. பகை முழுவதும் மேடைக்கு வெளியே இருந்தது. இதைக் கண்டு, ரஸிகர்கள் எல்லோரும் அறிவிலிகள் என்று சொல்லிவிடலாமா? வாத்தியாருக்கு அப்படிச் சொல்வது சுலபம். தேசத்தின் கௌரவம் இரண்டு மனிதர்களின் முஷ்டியில் இருக்கிறது என்று நினைப்பது பேதைமைதான். பெர்லினில் அவ்வாறு நினைத்தவர்களுக்கு ஒரு ராஜ்யமும் சேனையும் இருந்தன; அவர்களுக்கு அது கர்வத்தின் மேல் இன்னொரு கர்வம்.

ஆனால் ஆர்ச்சரி மரத்தடியில் நின்றவர்களுக்கு வேறு என்ன இருந்தது? நியாயஸ்தலம் அவர்களுடையதல்ல, சட்டசபை அவர்களுடையதல்ல, ரேடியோவும் அவர்களுடையதல்ல. வெள்ளையனும் கறுப்பனும் ஒரே அளவு மேடையில், ஒரே விதிக்கு உட்பட்டு எதிரெதிராக நின்ற இடம், அவர்கள் அறிந்த உலகத்தில் அந்தச் சதுரம் ஒன்றுதான். அங்கே தங்களவன் ஜயித்தான். மறுநாள் காலையில் அதே கடலைக் காட்டில், அதே கூலிக்குத்தான் அவர்கள் இறங்கியிருப்பார்கள். அந்த ஓர் இரவை மட்டும் யாராலும் திருப்பி வாங்க முடியவில்லை.

ஒரு ஜனசமூகம் எவ்வளவு சுதந்திரமாக வாழ்கிறது என்பதை அறிய, அது எதற்காக அழுகிறது என்று விசாரித்தால் மட்டும் போதாது; வாய்விட்டுச் சிரிப்பதற்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்றும் அளந்து பார்க்க வேண்டும். ஆர்ச்சரியில் அந்தத் தூரம் ஒரு மண் ரோடு, ஒரு ரயில் பாதை, ஒரு சாத்திய கதவு.

நாளைக் காலை ஒன்பதாம் வகுப்பில் எனக்கு முதல் பீரியட். மணி அடிப்பதற்குள் இதைச் சொல்லி முடித்துவிட வேண்டும்.