ஸ்டென்ட்டுக்கு காப்பீடு இருக்கு... கொழுப்பு மாத்திரைக்கு யார் காசு கட்டுறது? டெல்டா மக்களுக்கான முழு விளக்கம்

நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்குப் போகும் ஒருவருக்கு இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பது தெரிந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை கைகொடுக்கிறது. ஆஞ்சியோபிளாஸ்டி, ஸ்டென்ட் என லட்சத்தைத் தொடும் சிகிச்சையைக்கூட கைக்காசு போடாமல் முடித்துவிட்டு வீடு திரும்ப முடிகிறது.

ஆனால், டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுக்கும் சீட்டில் ஒரு கொழுப்பு மாத்திரையும் எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் அதை ஆயுள் முழுக்க போட வேண்டும். அந்த அடைப்பு திரும்ப வராமல் காப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் மாதாமாதம் அதை வாங்க அதே காப்பீட்டு அட்டை உதவாது.

ஏன் இப்படி? அரசு, தனியார் காப்பீடுகள் எதற்கு பணம் தருகின்றன, எதற்குத் தருவதில்லை? செலவைக் குறைக்க தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மக்களுக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன? விரிவாகப் பார்க்கலாம்.

கொழுப்பு மாத்திரை என்றால் என்ன?

பொதுவாக மக்கள் 'கொழுப்பு மாத்திரை' என்று சொல்வது ஸ்டேட்டின் வகை மருந்துகளைத்தான். அட்டோர்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின் இரண்டும் அதிகம் எழுதப்படுபவை. கல்லீரலில் கொலஸ்ட்ரால் உருவாவதற்குக் காரணமான ஒரு நொதியைத் தடுத்து, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்-ஐ இவை குறைக்கின்றன.

நெல் விளையும் பூமியில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சுவாரஸ்யமான தகவல் உண்டு. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970-களில் முதல் ஸ்டேட்டினைக் கண்டுபிடித்தது ஒரு பூஞ்சையிலிருந்து. அந்தப் பூஞ்சை கிடைத்தது கியோட்டோ நகரின் தானியக் கடை ஒன்றில் இருந்து எடுக்கப்பட்ட அரிசியில்!

இது யாருக்குத் தேவை? சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐ.சி.எம்.ஆரும் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் பெரியவர்களில் 24% பேருக்கு ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அளவு அதிகம். இவர்கள் எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. ஆனால் ஏற்கெனவே மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கும், சர்க்கரை நோயுடன் மற்ற ஆபத்துக் காரணிகளும் இருப்பவர்களுக்கும் டாக்டர்கள் இதைக் கட்டாயம் என்கிறார்கள். இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மிக அதிக ஆபத்தில் உள்ளவர்களுக்கு எல்.டி.எல் 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

அப்படியானால் எல்லோரும் மாத்திரை போடுகிறார்களா? 2011-ல் லான்செட் இதழில் வந்த சர்வதேச ஆய்வு ஒன்று, இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களில் எத்தனை பேர் ஸ்டேட்டின் எடுக்கிறார்கள் என்று பார்த்தது. பணக்கார நாடுகளில் 66.5%. இந்தியாவும் இடம்பெற்றிருந்த ஏழை நாடுகள் பிரிவில் வெறும் 3.3%.

அரசு காப்பீட்டு அட்டை எதற்கு?

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்து செயல்படுகிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

முக்கியமாக கவனிக்க வேண்டியது, இது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கான திட்டம் என்பதைத்தான். ஓ.பி சீட்டு போட்டு டாக்டரைப் பார்த்துவிட்டு கடையில் வாங்கும் மாத்திரை இதில் வராது. ஆயுஷ்மான் பாரத் விதிப்படி, டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் வரையிலான மருந்துச் செலவு சிகிச்சைத் தொகுப்பிலேயே அடங்கும். முதலமைச்சர் திட்டத்தில் குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு மட்டும் தொடர் கவனிப்புத் தொகுப்புகள் உண்டு. எனவே டிஸ்சார்ஜ் ஆகும் முன் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில், "வீட்டுக்குப் போன பிறகு எத்தனை நாளுக்கு மருந்து கிடைக்கும்?" என்று கேட்டுவிடுவது நல்லது. திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993.

தனியார் பாலிசி வைத்திருந்தால்?

இங்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். வழக்கமான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பும், டிஸ்சார்ஜ் ஆன பின்பும் குறிப்பிட்ட நாட்களுக்கான மருந்துச் செலவைத் தரும். பல பாலிசிகளில் இது முன்பு 30 நாள், பின்பு 60 நாள் என்று இருக்கும். பில், டாக்டர் சீட்டு இரண்டையும் பத்திரமாக வைத்திருந்தால் அந்த நாட்களுக்கான மாத்திரைக் காசைக் கேட்டு வாங்கலாம். பலர் இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகும் மாதாந்திர மாத்திரைக்கு காசு வேண்டுமென்றால் 'ஓ.பி.டி' வசதியை கூடுதல் பிரீமியம் கட்டி வாங்க வேண்டும். வாங்கும் முன் ஒரு கணக்கு போடுங்கள். ஆண்டுக்கு கட்டும் கூடுதல் பிரீமியம், ஆண்டு மாத்திரைச் செலவை விட அதிகமாக இருந்தால் அதனால் பயனில்லை.

இன்னொரு எச்சரிக்கை. கொலஸ்ட்ரால் இருப்பதை மறைத்து பாலிசி எடுக்காதீர்கள். பிறகு மாரடைப்பு வந்தால், மறைத்ததைக் காட்டியே கிளைமை நிராகரிக்க வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தை 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 4 ஆண்டிலிருந்து 3 ஆண்டாக காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் குறைத்துள்ளது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கான ஜி.எஸ்.டியும் 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது.

மாத்திரைக்கும் சேர்த்து தரும் காப்பீடு உண்டா?

உண்டு, இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள, 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களின் தொழிலாளர்கள் இதில் வருவார்கள். ஊழியரின் பங்கு சம்பளத்தில் 0.75%, முதலாளியின் பங்கு 3.25%. இ.எஸ்.ஐ மருந்தகத்தில் ஓ.பி சிகிச்சையும் மாத்திரையும் இலவசம். ஐந்து ஆண்டுகளாவது இ.எஸ்.ஐ-யில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதி தொடரும். ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பலருக்கு இந்த விஷயமே தெரியாது.

முன்னாள் ராணுவத்தினருக்கு இ.சி.எச்.எஸ், மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ் திட்டங்களிலும் தினசரி மாத்திரை கிடைக்கும். ஆனால் டெல்டாவில் அதிகம் பேர் விவசாயிகளும் விவசாயக் கூலித் தொழிலாளர்களும்தான். வயலில் நாள் கூலிக்கு வேலை பார்ப்பவருக்கு இ.எஸ்.ஐ கிடையாது.

அறுவடைக்கு அறுவடை பணம்... மாத்திரையோ தினமும்!

டெல்டாவில் இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. ஒரத்தநாடு பக்கம் ஆறு மா நிலம் வைத்திருக்கும் 58 வயது விவசாயி ஒருவரை கற்பனை செய்துகொள்வோம். ஸ்டென்ட் வைத்து ஓராண்டு ஆகிறது. குறுவை நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்தில் போட்டால் ஒரு முறை பணம், சம்பா அறுவடையில் இன்னொரு முறை பணம். இடைப்பட்ட மாதங்களில் உரம், நடவுக் கூலி, நகைக் கடன் வட்டி என எல்லாம் வரிசை கட்டி நிற்கும். அப்போது எந்தச் செலவை முதலில் தள்ளிப் போடத் தோன்றும்? போட்டாலும் போடாவிட்டாலும் உடம்பில் எந்த வித்தியாசமும் தெரியாத கொழுப்பு மாத்திரையைத்தான்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் தேதி ஜூன் 12. தண்ணீர் இல்லாததால் 2024-ல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். அதுபோன்ற ஆண்டில், ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு குறுவை வருமானமே இல்லாமல் போகும். சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் தலைசுற்றல், அடிக்கடி சிறுநீர் என உடம்பே காட்டிக்கொடுக்கும். கொழுப்பு மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே எல்.டி.எல் பழைய அளவுக்கு ஏறிவிடும், ஆனால் எந்த அறிகுறியும் இருக்காது. அடுத்த மாரடைப்புதான் முதல் அறிகுறியாக இருக்கவும் கூடும்.

சரி, செலவைக் குறைக்க என்ன வழி?

1. அரசு மருத்துவமனை: முழுக்க இலவசமான வழி இதுதான். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கப்பட்டு, மொத்தமாக மருந்து கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்குத் தருகிறது. அந்தப் பட்டியலில் அட்டோர்வாஸ்டேட்டின் இருக்கிறது. தனியாரில் ஸ்டென்ட் வைத்தவர்களும் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருவாரூர், நாகை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், கும்பகோணம் அரசு மருத்துவமனை என எங்கு வேண்டுமானாலும் ஓ.பி-யில் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டி மாத்திரையைத் தொடரலாம். வெளி டாக்டர் சீட்டை நேராக மருந்து கவுன்டரில் நீட்டினால் தரமாட்டார்கள். அங்குள்ள டாக்டரைப் பார்த்து எழுதி வாங்க வேண்டும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் எல்லா மில்லிகிராம் அளவும் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அந்த மாத்திரைகளைத் தர வரும் தன்னார்வலரிடம் கொழுப்பு மாத்திரை பற்றியும் கேட்கலாம்.

2. முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம்: 2025 பிப்ரவரி 24-ல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்து வைத்தார். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும் (ஜன் அவுஷதி) இயங்குகின்றன. இரண்டிலும் ஜெனரிக் மருந்துகள் விற்கப்படுகின்றன. மக்கள் மருந்தகங்களில் பிராண்டட் மருந்தை விட 50 முதல் 80% வரை விலை குறைவு என்கிறது மத்திய அரசு. உதாரணத்துக்கு, பிராண்டட் மாத்திரைக்கு மாதம் 300 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 3,600 ரூபாய். இந்தத் தள்ளுபடி கிடைத்தால் அது 720 முதல் 1,800 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

3. மூலக்கூறு பெயரில் சீட்டு: கம்பெனி பெயர் எழுதிய சீட்டைக் கொண்டுபோனால், கடைக்காரர் தானாக வேறு மருந்து மாற்றித் தர சட்டத்தில் இடமில்லை. எல்லா டாக்டர்களும் மூலக்கூறு பெயரில்தான் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட்டில் கொண்டுவந்த விதி, எதிர்ப்பு கிளம்பியதால் அதே மாதத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. எனவே நாமேதான் கேட்க வேண்டும். "டாக்டர், மூலக்கூறு பெயரையும் மில்லிகிராமையும் எழுதிக் கொடுங்க" என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

4. விலையைச் சரிபார்ப்பது: அட்டோர்வாஸ்டேட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் அதற்கு உச்சவரம்பு விலை உண்டு. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் 'பார்மா சஹி தாம்' செயலியில் அதைப் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கான ஜி.எஸ்.டி 12%-லிருந்து 5% ஆனது. அதாவது வரி இல்லாமல் 100 ரூபாய் மதிப்புள்ள மருந்து 112-லிருந்து 105 ரூபாயாகக் குறைந்திருக்க வேண்டும்.

5. வருமான வரி: பழைய வரி முறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது. 60 வயது கடந்த பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு இல்லையென்றால், அவர்களின் மருத்துவச் செலவை 50,000 ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, யு.பி.ஐ, கார்டு மூலம் கட்டியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் கூப்பன் தருகிறார்களாமே?

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. அமெரிக்காவில் மாத்திரைக்கும் காப்பீடு உண்டு. நோயாளி ஒரு பங்கு கட்ட வேண்டும். அந்தப் பங்கைக் குறைக்க மருந்து நிறுவனங்களே சேமிப்பு அட்டை தருகின்றன. 2011 நவம்பரில் லிப்பிட்டார் மாத்திரையின் காப்புரிமை முடிந்து மலிவான ஜெனரிக் வந்தபோது, நோயாளிகளைத் தக்கவைக்க ஃபைசர் நிறுவனம் 4 டாலர் அட்டை கொடுத்தது. ஆனால் முதியோருக்கான அரசு காப்பீடான மெடிகேரில் இருப்பவர்கள், அந்தக் காப்பீட்டுடன் சேர்த்து இந்த அட்டையைப் பயன்படுத்த சட்டம் அனுமதிப்பதில்லை. இங்கே மாத்திரைக்கு காப்பீடே பெரிதாக இல்லாததால், அந்த மாதிரி அட்டைகளுக்கும் வேலை இல்லை. நமக்கு ஜெனரிக் மருந்தும் அரசு மருத்துவமனையும்தான் சேமிப்பு அட்டை.

ஊசி போடச் சொன்னால்?

மாத்திரை போட்டும் எல்.டி.எல் இறங்காதவர்களுக்கும், பரம்பரையாக மிக அதிக கொழுப்பு உள்ளவர்களுக்கும் எவோலோகுமாப், அலிரோகுமாப், இன்க்ளிசிரான் ஊசிகள் பரிந்துரைக்கப்படுகின்றன. இவை விலை உயர்ந்தவை. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி முழுதாக நீக்கப்பட்ட 33 மருந்துகளில் இந்த மூன்றும் உண்டு. ஆனாலும் ஸ்டேட்டினுடன் எசெடிமைப் என்ற மாத்திரையைச் சேர்த்துப் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

* காசு இல்லையென்றால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது, பாதியாக உடைத்துப் போடுவது போன்றவற்றை டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். அரசு மருத்துவமனைக்கு மாறுங்கள்.
* தசைவலி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்கள்.
* அறுவடைப் பணம் வந்ததும் மூன்று மாத மாத்திரையை மொத்தமாக வாங்கி வைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வாங்கினால் காலாவதி தேதியைப் பாருங்கள்.
* டிஸ்சார்ஜ் சீட்டை லேமினேட் செய்து வைப்பதோடு, செல்போனிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.
* திடீர் நெஞ்சுவலி என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களிலேயே முதலுதவியாக 14 மாத்திரைகள் தருகிறார்கள். அதில் 8 மாத்திரைகள் அட்டோர்வாஸ்டேட்டின்தான். நெஞ்சுவலி வந்த நேரத்தில் இலவசமாகத் தரப்படும் அதே மருந்து, அது வராமலிருக்க அரசு மருத்துவமனையிலும் இலவசமாகவே கிடைக்கிறது.
* மருத்துவ ஆலோசனைக்கு அரசின் உதவி எண் 104.