காற்றில் நடந்து காணவேண்டிய தனுஷ்கோடி

இராமேசுவரம் சென்று வந்த தோழியரிடம் தனுஷ்கோடியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் கைப்பேசியை எடுத்து ஒரே படத்தைத்தான் காட்டுவார்கள். கூரையிழந்த தேவாலயச் சுவர். அதன் முன்னே சிரித்த முகங்கள். வண்டி நின்றது, இறங்கினோம், எடுத்தோம், ஏறினோம் என்று முடிந்த பயணத்தின் படம் அது. அந்தத் தீவு முனையை நடந்துதான் பார்க்க வேண்டும், அதுவும் காற்று வீசும் நாட்களில் நடக்க வேண்டும் என்பது என் கருத்து.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி 5 கிலோமீட்டர். அங்கிருந்து நிலம் முடிகிற அரிச்சல்முனை இன்னும் 4.5 கிலோமீட்டர். 2017-இல் தார்ச்சாலை திறக்கப்பட்ட பிறகு இதனைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறோம். ஆனால் கண்ணாடியை ஏற்றிவிட்ட வண்டிக்குள் காற்று வராதே! காற்றில்லாமல் தனுஷ்கோடி ஏது?

ஜூன், ஜூலையில் தென்மேற்கிலிருந்து வீசும் காற்றை அப்பகுதி மீனவர் கச்சான் என்பர். அந்நாட்களில் முனையை நோக்கி நடந்தால், வலப்புறம் மன்னார் வளைகுடா சீறிக்கொண்டிருக்கும். இடப்புறம் பாக் நீரிணை குளம்போல் கிடக்கும். மீனவர் முன்னதை ஆண் கடல் என்றும், பின்னதைப் பெண் கடல் என்றும் அழைக்கின்றனர். (வாடைக் காலத்தில் பெண் கடல்தான் சீறும் என்பதையும் மாணவியர் மறக்கவேண்டாம்!) இந்த இரண்டையும் ஒரே படத்தில் அடக்க எண்ணினால், சாலையை விட்டு மணலில் இறங்கி, நின்று, திரும்பி, இடம் தேட வேண்டும். முழங்கால் அளவுக்குப் புகைபோல் ஓடுகிற மணல், நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. குனிந்து, காலை வெயிலுக்கு எதிரே பார்த்தால் தெரியும். காமிராவை அடிக்கடி துணியால் துடைக்கவேண்டும். உப்புத் துளி படிந்தால் படம் மங்கிவிடும். முக்காலி வைத்திருப்பவர் அதில் ஒரு பையைக் கட்டித் தொங்கவிடுவது நல்லது. நடக்கும்போது பக்கவாட்டில் தள்ளுகிற அதே காற்று, முகத்தில் மணலையும் வாரி அடிக்கும். அப்போதுதான் இங்கே ஓர் ஊர் எப்படி அழிந்தது என்பது கொஞ்சமாவது புரியும்.

1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும், தனுஷ்கோடி இலங்கைக்குச் செல்வோரின் வாசலாயிற்று. இரயிலில் வந்து இறங்கியவர் இங்கே கப்பலேறித் தலைமன்னார் சென்றனர். இரயில் நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம், தேவாலயம் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வந்த புயலில், பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணி இரயில் ஊரை எட்டுமுன்னரே கடலுக்கு இரையானது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் மாண்டனர். கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு மூன்று நாட்களே இருந்தன. தேவாலயத்தில் அவ்வாண்டு நள்ளிரவுத் திருப்பலி இல்லை.

நாம் பின்னணியாக வைத்துக்கொள்ளும் சுவர் அந்தத் தேவாலயத்தினுடையது. அங்கே படம் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடற்பாறைக் கற்களால் கட்டிய சுவரில் உப்புக்காற்று குடைந்த குழிகளை எடுக்கலாம். கூரையில்லா வானத்தை எடுக்கலாம். திருப்பலி நிறைவேறிய பீடத்திடத்தில் செருப்புக்காலோடு ஏறிக் கை விரித்து நிற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அதைவிட மனத்தை உறுத்துவது இன்னொன்று. படத்தின் கீழே ‘பேய் நகரம்’ என்று எழுதிவிடுகிறோம். அங்கே மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. கரைவலையைப் பத்துப் பதினைந்து பேர் ஒரே மூச்சில் இழுக்கின்றனர். கடலுக்குச் சற்றுத் தள்ளி மணலைத் தோண்டிப் பெண்கள் நன்னீர் எடுக்கின்றனர். நம் வயதுப் பிள்ளைகள் புத்தகப்பையுடன் போகின்றனர். இவர்களெல்லாம் பேய்களா? ஆளில்லாத ஊர் என்று உலகுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தால், குடிநீரும் மருத்துவமும் அந்த ஊருக்கு வேண்டுமென்று யார் கேட்பார்கள்? நடந்து போகிறவள் அவர்களிடம் வழி கேட்பாள், தண்ணீர் கேட்பாள், பேசுவாள். அதன்பின் “உங்களைப் படம் எடுக்கலாமா, அக்கா?” என்று கேட்க அவளுக்கு வாய் வரும். வண்டியிலிருந்து எடுப்பவளுக்கு அது வராது.

பெற்றோரின் தயக்கத்தை நான் அறிவேன். வெயில், கடல், பெண்பிள்ளைகள்! “கறுத்துப்போய் வருவாள்” என்னும் கவலையை மட்டும் தள்ளிவிடலாம், மற்றவை நியாயமே. அரிச்சல்முனையில் நீரோட்டம் கடுமையானது, கடலில் இறங்கக்கூடாது. விடியலில் தொடங்கிப் பத்து மணிக்குள் நடையை முடித்துவிட வேண்டும். சிறுமியர் ஊரிலிருந்து முனைவரை மட்டும் நடந்து, வண்டியில் திரும்பலாம்.

ஆண்டுதோறும் நம் சுற்றுலா, கச்சான் வீசாத ஜனவரியில்தான் அமைகிறது. வரும் ஆண்டில் ஒன்பது, பத்தாம் வகுப்பினருக்காவது அதனை ஜூலையில் ஒரு சனிக்கிழமைக்கு மாற்றித் தருமாறு அருட்சகோதரியரை வேண்டுகிறேன். துப்பட்டாவுக்கு ஊசியும், தொப்பிக்கு நாடாவும், ஆளுக்கு இரண்டு புட்டி தண்ணீரும் போதும்.