சிலை பாடாது தோழிகளே!

மதுரை முனிச்சாலையில் டி.எம்.சௌந்தரராஜனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் திறந்தார்கள். சமீபத்தில் அந்தப் பக்கம் போனபோது, பஸ்ஸை விட்டு இறங்கிப் போய் நின்று பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. கூட நின்று பார்க்க என் அக்கா இல்லையே!

திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. அறுபதுகளின் கடைசியில் தெருவுக்கே ஒரு ரேடியோதான். இலங்கை வானொலியில் டி.எம்.எஸ். - சுசீலா ஜோடிப் பாட்டு வந்தால், அக்கா மாவுக் கையோடு ஓடி வருவாள். சினிமாப் பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்துத் தைத்து வைத்திருந்தாள். டி.எம்.எஸ். 1922-ல் மதுரையில் பிறந்தவர் என்பதில் அவளுக்குத் தனிப் பெருமை. "நம்ம ஊர்க்காரருடீ" என்பாள்.

ஒரு வருஷம் பக்கத்து ஊர்த் திருவிழாவில் அவர் கச்சேரி. அண்ணன்கள் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். "வயசுப் பிள்ளைகளுக்கு ராத்திரியில என்ன கச்சேரி?" என்று எங்களை நிறுத்திவிட்டார்கள். மொட்டை மாடியில் உட்கார்ந்து, காற்று எங்கள் பக்கம் அடித்தபோதெல்லாம் குழாய் ஸ்பீக்கர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டோம்.

கல்யாணத்துக்குப் பிறகும் அதே கதைதான். ஒரு தடவை மாமியாருக்கு உடம்பு முடியவில்லை. இன்னொரு தடவை பிள்ளைக்குப் பரீட்சை. தொண்ணூறுகளில்தான் என் வீட்டுக்காரர் என்னை ஒரு கச்சேரிக்கு அழைத்துப் போனார். அக்காவையும் கூப்பிட்டேன். "வீட்ல விருந்தாளுக வந்திருக்காக. அடுத்த தடவை வர்றேன்டீ" என்றாள்.

நெற்றி நிறைய விபூதி, எழுபது வயதைத் தாண்டியும் அதே கம்பீரம். மறுநாள் அக்கா, "அதைப் பாடுனாரா, இதைப் பாடுனாரா?" என்று ஒவ்வொரு பாட்டாகக் கேட்டாள். அவள் சொன்ன அந்த 'அடுத்த தடவை' வரவே இல்லை. 2009-ல் அக்கா போய்விட்டாள். 2013 மே 25-ல் டி.எம்.எஸ்.ஸும் மறைந்தார்.

கடுகு டப்பாவில் காசு சேர்ப்பது மாதிரி, நாம் ஆசைகளையும் போட்டு மூடி வைக்கிறோம். காசு அப்படியே இருக்கும். பாடியவர்கள் இருப்பார்களா? 2015-ல் எம்.எஸ்.வி., 2020-ல் எஸ்.பி.பி., 2023-ல் வாணி ஜெயராம் என்று ஒவ்வொருவராகப் போய்விட்டார்களே! 2016-ல் பி.சுசீலா அம்மாவுக்கு 17,695 பாடல்கள் பாடியதாகக் கின்னஸ் சாதனைப் பெருமை கிடைத்தது. அதில் எத்தனையோ பாட்டை அடுப்படியில் நின்று கேட்ட நம்மில், அவர் முன்னால் உட்கார்ந்து ஒரு பாட்டாவது கேட்டவர்கள் எத்தனை பேர்?

"அதான் செல்போன்லயே கேட்கலாமே" என்கிறான் என் பேரன். கேட்கலாம்தான். ஆனால் அன்றைக்குக் கச்சேரியில் என் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மாவும் என்னைப் போலவே வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார். இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. அது செல்போனில் கிடைக்குமா?

கச்சேரி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆறு மணிக்குத் தொடங்கி, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடியுங்கள். பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை வையுங்கள். இது இரண்டும் இல்லாததால்தான் பாதிப் பெண்கள் வருவதில்லை. பிள்ளைகளே, இந்தத் தீபாவளிக்கு அம்மாவுக்குச் சேலை வேண்டாம். "உனக்குப் பிடிச்ச பாட்டுக்காரர் யாரும்மா?" என்று கேட்டு, அவர் இருக்கும்போதே ஒரு கச்சேரிக்குக் கூட்டிப் போங்கள்.

தோழிகளே, நீங்களும் கூச்சப்படாமல் வாய் திறந்து கேளுங்கள். சிலைக்கு மாலை போடலாம். அது நமக்காக ஒரு பாட்டுப் பாடாது.

- ஒரு வாசகி, திருமங்கலம்.